என் நாவலை விற்கப் போன அத்தான்

பதிப்பாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். என் கையெழுத்துப் பிரதியின் நடுவில் ஓர் இடத்தைப் பிரித்து, "இந்த எடத்தைக் கேளுங்க பிள்ளைவாள், இது ஒண்ணு போதும்" என்றார். எழுந்து அந்தக் கட்டைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடி அறை அது. கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறை வாயை மூடித் திறக்கும்போதும் மேஜை மேலிருந்த கண்ணாடித் தம்ளர் லேசாக நடுங்கியது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை படியேறி வந்தது.

பிள்ளைவாள் என்று அவர் அழைத்தது என் பக்கத்து நாற்காலியில் இருந்த என் அத்தானை. என் அக்கா தாணம்மையின் கணவர். தோவாளையில் பூக் கமிஷன் கடை வைத்திருந்த மாதேவன் பிள்ளை. என் நாவலை இந்த இடத்தில் கொண்டுவந்து விற்றவர் அவர்தான். அதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை.

அந்த நாவலில் ஒரு பூ வியாபாரி வருகிறான். அவன் யோக்கியன் இல்லை. அவன் யார் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். இந்த உலகத்தில் மூன்றாவதாக ஒருவருக்குத் தெரியக்கூடாது என்றால், அந்த ஒருவர் முழங்கை இடிக்கும் தூரத்தில், தோளில் துண்டோடு, கதை கேட்கத் தயாராகக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யாரைப் பிடித்தீர்கள்?

இந்தத் தொடரைப் படிக்கிற இளம் பிள்ளைகள் சிலர் எழுதிக் கேட்கிறார்கள்: "அம்மா, உங்கள் முதல் புத்தகத்துக்கு யாரைப் பிடித்தீர்கள்?" எப்படி எழுதினீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. நானும் அந்த வயதில் அதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் போய், திருக்கொச்சி என்று பெயர் மாறியிருந்த காலம். எங்கள் பக்கத்தில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. சர்க்கார் காகிதம் மலையாளத்தில் வரும். நாங்கள் வாசிக்கிற கதைப் புத்தகம் மதுரையிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வரும். நான் நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, தோவாளையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மையாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டதால் அக்கா வீட்டில்தான் இருப்பு.

கதைகளைத் தபாலில் அனுப்பிப் பார்த்தேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தன. ஒன்று அனுப்பிய மடிப்புக் கலையாமல் வந்தது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காத அந்த மகானை நான் வாய்க்கு வந்தபடி வைதேன், அடுப்படியில் நின்று.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வருவார். நோட்ஸ் புத்தகம், பஞ்சாங்கம், பக்தி மாலை எல்லாம் டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்து விற்பார். பட்டணத்துப் பதிப்பாளர்கள் எல்லாம் தனக்குத் தோஸ்து என்றார். நாவலைக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எந்தப் பதிப்பாளர் என்று கேட்டால் சிரிப்பார். கூடவே, "நீங்க எப்பம் தனியா இருப்பிய?" என்றும் கேட்டார். அதோடு அவர் பெட்டியைக் கண்டாலே வேறு வகுப்புக்குள் போய்விடுவேன்.

கலியாணத்துக்குத் தரகர் உண்டு, மாட்டுக்குத் தரகர் உண்டு, வயலுக்குத் தரகர் உண்டு. கதைக்கு மட்டும் இல்லை. ஆண் பிள்ளையாக இருந்தால் பஸ் ஏறிப் போய், நாலு படி ஏறி, நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்துவிடலாம். எனக்காக யார் போய்ப் பேசுவார்கள்? இதை நினைத்து ஆத்திரத்தில் அழுதிருக்கிறேன்.

பூவை மோந்து பார்க்காதவர்கள்

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தோவாளைப் பூச்சந்தையைச் சொல்லாமல் முடியாது.

விடிவதற்கு முன்னால் தோட்டக்காரர்கள் கடவங்களில் பூவைக் கொண்டுவந்து கமிஷன் கடைகளில் இறக்குவார்கள். மற்ற ஊர்களில் ஜாதிமல்லி என்கிற பிச்சி, மல்லி, அரளி, மரிக்கொழுந்து. கடவம் என்பது பனையோலையில் முடைந்த பெரிய கூடை. வெளியூர் வியாபாரியும் கமிஷன்காரரும் ஒரு துண்டை விரித்து, அதற்கு அடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கையைப் பிடித்து முடித்துவிட்டால் முடித்ததுதான். பிறகு எவன் எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் பேச்சு மாறக்கூடாது.

வெயில் ஏறினால் பூ வாடும். அதனால் எல்லாக் காரியத்திலும் அவசரம். அத்தான் சாப்பிடுவது, நடப்பது, கோபப்படுவது எல்லாமே வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போலத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. சாமிக்குப் போகிற பூ என்பதால் சந்தையில் யாரும் பூவை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோக மாட்டார்கள். தெரியாத்தனமாக யாராவது குழந்தை முகர்ந்துவிட்டால் அந்தப் பூவைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். நிறத்தையும் மொட்டின் இறுக்கத்தையும் பார்த்தே தரம் சொல்வார்கள்.

அடுத்தது, ஒவ்வொரு கடவத்தின் காதிலும் தோட்டக்காரருடைய அடையாளம் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குச் சிவப்புத் துணி, ஒரு வீட்டுக்குத் தாழை நார் முடிச்சு, இப்படி. இருட்டோடு இருட்டாகத் தோட்டத்தில் புகுந்து பூவைப் பறித்துக்கொண்டு போகிற திருட்டு அந்த வட்டாரத்தில் அதிகம். அடையாளம் இல்லாத கடவத்தைக் கண்ணியமான எந்தக் கமிஷன்காரரும் தொட மாட்டார்.

அத்தான் இந்த வழக்கங்களில் ஒரு நூல் பிசக மாட்டார். சந்தையில் அவர் சொல் செல்லும். வீட்டில்தான் கதை வேறு.

பிச்சித் தோட்டம்

அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது ஒரு பிச்சித் தோட்டம். கிணறும் நாலு தென்னையும் அதில் உண்டு. பத்திரம் அத்தான் பேரில் இருந்தது, அப்படித்தான் எழுதுவார்கள். நான் நாகர்கோவிலில் விடுதியில் இருந்தபோது ஒரு வருஷம் மழை அடித்துப் பெய்தது. கட்டி அனுப்பிய பூவெல்லாம் பாதி வழியில் அழுகி, அத்தான் தொழில் ஆட்டம் கண்டது. அவர் தோட்டத்தை விற்றுவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை. கிணறு வற்றிவிட்டது, கொஞ்ச காலம் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொன்னார்.

அக்கா ஒரு நாள் தோட்டத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள். கிணற்றில் கைக்கு எட்டுகிற தண்ணீர். முன்பின் தெரியாத ஒரு பெண் பிச்சி பறித்துக்கொண்டிருந்தாள். "இது இப்பம் எங்க தோட்டம்லா அக்கா, தெரியாதா?" என்று கேட்டாளாம். தெரியும் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் அத்தான் தினமும் சாயங்காலம் ஒரு கை பிச்சி கொண்டுவருவார். "நம்ம தோட்டத்துப் பூவாக்கும், குத்தகைக்காரன் தந்தான்" என்பார். அக்கா வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். அது கடையில் மிஞ்சிய பூ என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துப் பிச்சிக்குக் காம்பு சற்றுச் சிவந்திருக்கும். இப்படியே வருஷங்கள் போயின.

ஒரு மத்தியானம் பூக் கட்டிக்கொண்டே இதை அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியப்பிடாது கேட்டியா. தெரிஞ்சா அவரால இந்த வீட்டுக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியாது" என்றாள்.

நான் நாவல் எழுதினேன். ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றினேன். எழுதி முடித்ததும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பட்டணத்துல போட்டா இங்க எவளுக்குத் தெரியப் போகுது, போடு" என்றாள்.

தபாலில் எதுக்கு விடுத?

மதுரைக்குத் தபாலில் அனுப்பப் பிரதியைத் துணியில் பொதிந்து தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தான் உள்ளே வந்தார்.

"ஏட்டி பகவதி, அது என்னது?"

"ஒரு கதை அத்தான். நான் எழுதினது."

"இம்புட்டுப் பெரிசாவா? கொள்ளாமே! எங்க அனுப்புத?"

சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தபால்ல எதுக்கு விடுத? சரக்குன்னா கூட ஒரு ஆளு போயி, நின்னு, பேசி, கையைப் பிடிக்கணும். திருநேலியில நான் பூ போடுத கடைக்கு மேல ஒரு பொஸ்தகக் கம்பெனி இருக்கு. அந்த மொதலாளி நித்தம் சாமி படத்துக்கு நம்ம மாலைதான் வாங்குதாரு. நாளைக்கே கொண்டு போறேன்."

அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். கையில் அகப்பை. "உங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? பூ வேலையே தலைக்கு மேல கெடக்கு" என்றாள்.

"தொந்தரவு என்ன தொந்தரவு? என் கொழுந்தியா சரக்குல்லா!"

"நீங்க படிக்கப்பிடாது" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நான் என்னைக்குட்டி பூவை மோந்து பாத்து வித்திருக்கேன்? துணியைத் தச்சுக் குடு. தச்சபடி கொண்டு போயி, தச்சபடி குடுக்கேன்."

அவர் வாக்கு மாற மாட்டார் என்று எனக்குத் தெரியும். அக்கா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். எனக்கு அச்சில் பார்க்க ஆசை. அந்த ஆசைக்குக் கண் தெரியவில்லை. தைத்துக் கொடுத்தேன்.

எனக்குத் தரகர் கிடைத்தது இப்படித்தான். தேடினது உலகமெல்லாம், கிடைத்தது என் வில்லனே.

வெயில் ஏறுமுன் விற்ற நாவல்

ஒரு வாரம் வரை பதிப்பாளர் படித்துப் பார்த்தார். அடுத்த தடவை அத்தான் பூவோடு போனபோது பேச்சு முடிந்துவிட்டது. சாயங்காலம் வாசலிலேயே சத்தம் கேட்டது.

"ஏட்டி! வித்தாச்சு! காப்பி குடிக்க முன்னாடி வித்தாச்சு! மனுசன் மொதல்ல கேட்ட விலைக்கே கையைப் பிடிச்சுக் குடுத்திட்டேன். வச்சுக்கிட்டு இருந்தா வாடிரும்லா?"

நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அக்கா வெல்லத்தைத் தேடி ஓடினாள்.

"ஒரு சின்னக் காரியம். உன் பேரு போட மாட்டாரு. குடும்பக் கதைக்குன்னு அவருகிட்ட ஒரு ஆம்பிளைப் பேரு இருக்காம். யாரு எழுதினாலும் அந்தப் பேருலதான் வருமாம். நல்லா ஓடுத பேருங்காரு. அது கெடக்கட்டும், சரக்கு போச்சுல்லா?"

வெல்லம் என் வாயில் கரையவே இல்லை.

அத்தான் குளிக்கப் போனதும் அக்காவிடம் சொன்னேன், இது ஆகாது என்று. நான் எழுதியது, என் பேர் வேண்டும் என்று. அக்கா முகத்தில் தெரிந்தது நிம்மதி. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"பேரு இல்லாமப் போனதும் நல்லதுக்குத்தாண்டி. திருநேலி இங்க இருக்குத திருநேலி. உன் பேரைப் பாத்தா எவளாவது வாங்கி வாசிப்பா. நேரா என் மூஞ்சியைப் பாப்பா. பொறவு அவரு மூஞ்சியை."

"உலகத்துலயே இல்லாத ஒரு ஆம்பிளை உன் கதையை எழுதினான்னு இருக்கட்டுமா அக்கா?"

நானும் அவளும் பேசாமலே மறுநாள் முழுக்க வேலை பார்த்தோம். நான் சோற்றைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே, "அவருகூடப் போயி நீயே கேளு. ஆனா அந்த மொதலாளி கதையைப் பத்திப் பேச்செடுத்தா, அவரை எதுக்காவது வெளிய அனுப்பிரு" என்றாள். பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

ஆரல்வாய்மொழியில் கம்பி

முதல் பஸ்ஸில், மேலே கூடைகளோடு போனோம். மலை இடுக்கில் காற்று பஸ்ஸையே சாய்த்துத் தள்ளியது. ஆரல்வாய்மொழிச் சாவடியில் நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். ஒரு சிப்பாய் நீளக் கம்பியோடு ஏறிப் பூக்கூடைகளைக் குத்தப் போனார்.

"இன்னா ஐயா, சாமிக்குள்ள பூவாக்கும். கம்பியைக் கழுவிட்டுக் குத்தும்" என்று அத்தான் கீழிருந்து கத்தினார். சிப்பாய் மலையாளத்தில் ஏதோ திட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. கடைசியில் அந்த மனிதர் கம்பியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்தினார்.

நான் சிரிக்கவில்லை. இந்த மனிதர் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கிறது. இந்த மனிதரைத்தான் நான் அப்படி எழுதியிருக்கிறேன். எழுதியதில் பொய் இல்லை. இருந்தும் அவர் வாங்கித் தந்த முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பதிப்பாளர் வாசித்த பக்கம்

இப்போது அந்த மாடி அறைக்கு வருகிறேன்.

பதிப்பாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இருபத்தைந்து வயது வாத்தியாரம்மை எதிரே உட்கார்ந்து பெயரைப் போடு என்று கேட்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "பொம்பளை பேர்ல இதைப் போட்டா சொந்தக் கதைன்னு சொல்லிருவான்மா. உங்களுக்குத்தான் கஷ்டம். அந்தப் பூ வியாபாரி இருக்கானே, அப்பப்பா..."

"அத்தான், கீழ கடையில ஒரு சோடா வாங்கிட்டு வாறியளா? தலை சுத்துது" என்றேன்.

"சோடாதானே?" என்று பதிப்பாளர் மேஜை மணியைத் தட்டினார். கீழேயிருந்து சோடா வந்துவிட்டது. அத்தான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பூ வியாபாரி என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பூ வியாபாரியா? நம்ம ஆளா? வாசியும்."

பதிப்பாளர் கண்ணாடியை மாட்டி, நான் முதலில் சொன்ன அந்த இடத்தைப் பிரித்து வாசித்தார். நல்ல குரல் வேறு. தோட்டத்தை விற்ற வியாபாரி சாயங்காலம் ஒரு கை பிச்சியோடு வந்து, நம்ம தோட்டத்துப் பூ என்று பெண்டாட்டியிடம் நீட்டுகிற இடம். அவள் காம்பைப் பார்க்கிறாள். சிவப்பு இல்லை. பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, வாசமாக இருக்கிறது என்கிறாள். தான் கெட்டிக்காரன் என்ற நினைப்போடு அவன் குளிக்கப் போகிறான்.

"எப்பேர்ப்பட்ட அயோக்கியன் பாத்தீங்களா!" என்று பதிப்பாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பத்து நாவல் போட்டிருக்கேன், இப்படி ஒருத்தனைப் பாத்ததில்லை."

அத்தானின் கால் ஆடுவது நின்றிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்தார், மடித்தார், திரும்ப விரித்தார். என்னை அந்த இடத்திலேயே அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதிப்பாளருக்கு ஒன்றும் தெரியாது. "சரி, நீங்களே சொல்லுங்க பிள்ளைவாள். நாம பேசி முடிச்சது என்ன? கையைப் பிடிச்சீங்களா இல்லையா?"

"பிடிச்சேன்."

"பேர் விஷயம் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீரு."

"பின்னே என்ன? இந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

முடிந்தது என்று நினைத்தேன். சந்தையில் பிடித்த கையை விடாத மனிதர். விடாமலிருக்க இப்போது அவருக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. யாரோ ஓர் ஆண் பெயரில் வந்தால் அந்த வியாபாரி யாரோ ஒரு வியாபாரி. தோவாளை வாத்தியாரம்மை பெயரில் வந்தால், படித்துச் சொல்லக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவன் யார் என்று தெரிந்துபோகும். அவர் ஒன்றும் பேச வேண்டாம். எழுந்து படி இறங்கினாலே போதும்.

கீழே இயந்திரம் நின்றது. காகிதம் மாற்றுகிறார்கள் போலிருக்கிறது. திடீரென்று தெருச் சத்தம் எல்லாம் காதில் விழுந்தது.

"மொதலாளி" என்றார் அத்தான். "அடையாளம் இல்லாத கடவத்தை நான் ஒருநாளும் தொட்டது கெடயாது. அது களவாண்ட பூன்னு அர்த்தம். காயிதந்தானேன்னு இதுல அதை யோசிக்காமப் போயிட்டேன். கையைப் பிடிச்சது என் தப்பு. நான் விடுதேன்."

"என்ன பிள்ளைவாள் இது? ரெண்டு பாரம், முப்பத்திரெண்டு பக்கம், அச்சுக் கோத்தாச்சு!"

"அந்தக் கூலியை என் பூ விலையில கழியும். பேரு போடுவீருன்னா கட்டு உம்மகிட்ட இருக்கட்டும். இல்லேன்னா தாரும், கொண்டு போறோம்."

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டைத் திருப்பித் தந்துவிட்டால், இந்த நாவலுக்கு இன்னொரு வாசல் எனக்குத் தெரியாது. அதை அவர் அறிவார். மெதுவாகத்தான் யோசித்தார்.

"சரி. விடக்கூடிய சரக்கு இல்லை இது" என்றார் கடைசியில். "தலைப்புப் பக்கத்தை இன்னும் கோக்கலை. பேர் போடுறேன். பகவதின்னு போட்டாப் போதுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்.

"தோவாளை பகவதின்னு போடும்."

சாயங்காலம்

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூடைகள் காலி. அத்தான் என் முன் இருக்கையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான்குநேரி தாண்டியது, பணகுடி தாண்டியது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை. அவர் முதுகைப் பார்க்கவும் முடியவில்லை.

மலை கண்ணில் பட்டதும் திரும்பாமலே சொன்னார். "அந்தக் காம்பு சிவப்பு. அது உனக்குத் தெரிய வழியில்லை. நீ அந்தத் தோட்டத்துல பூப் பறிச்சவ இல்லை."

மலைக் காற்று அவர் துண்டைத் தூக்கியது; பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியும். அப்பிடித்தானே?"

"ஆமா அத்தான்."

தோவாளையில் அத்தான் இறங்கியதும் வழக்கம்போலக் கடைக்குப் போகவில்லை; நேராக வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அக்கா வாசலில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"போன காரியம் என்னாச்சு?"

"பேரு போடுவாங்க" என்றேன்.

அத்தான் செருப்பைக் கழற்றவில்லை. முற்றத்தில் நின்றபடியே, சந்தையில் பேசுகிற குரலில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தாணம்மை, தோட்டத்தை நான் வித்துட்டேன். குத்தகைக்கு விடல. வித்துட்டேன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்பம் இருந்து?"

"வித்த மாசத்துல இருந்து."

"பின்ன ஏன்டி இத்தன வருசமா நீ ஒரு வார்த்தை கேக்கல?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நான் நினைத்தேன். அழவில்லை.

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்" என்றாள்.